அத்தையின் ஐந்து கோடுகள்

திங்கட்கிழமை சாயங்காலம் அத்தை மொட்டைமாடி அறையிலிருந்து இறங்கி வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தம்பி மகளின் முகத்துக்கு நேராகச் செல்போனை நீட்டினாள். நீட்டிய விதத்திலேயே குற்றவாளி யாரென்று முடிவாகிவிட்டது தெரிந்தது.

"படிச்சுப் பாரு, பட்டதாரி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்கிறவர்களின் ஹாம் ரேடியோ சங்கச் செயலாளர் அனுப்பிய செய்தி அது. அவர் பல் டாக்டர். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் தட்டிக் கொடுப்பதுபோல முதலிரண்டு வரியில் நலம் விசாரித்திருந்தார். பிறகு விஷயம். அம்மா, உங்கள் சிக்னல் ஐந்து இடங்களில் தெரிகிறது. மற்றவர்கள் உட்கார இடமில்லை. மூன்று பேர் புகார் சொல்லிவிட்டார்கள். வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சோதனை வைத்திருக்கிறேன். அன்றைக்கும் இப்படியே இருந்தால் வெள்ளப் பட்டியலிலிருந்து உங்கள் வீட்டை எடுக்கவேண்டி வரும். மன்னிக்கவும்.

"அஞ்சு இடத்துல தெரியுதுன்னா நல்லதுதானே அத்தை?"

"நான் என்ன தேர்தல்லயாடி நிக்கறேன்? ஒரு இடத்துல தெரிஞ்சா போதும். அஞ்சு இடத்துல தெரிஞ்சா அடுத்தவன் வாயில போய் உக்கார்ற மாதிரி." அத்தை குரலைத் தாழ்த்தவே மாட்டாள்; எதிர்வீட்டுக்கும் சேர்த்துத்தான் பேசுவாள். "போன மாசம் லேப்டாப்புல என்னமோ அப்டேட் போட்டியே, ஞாபகம் இருக்கா? அன்னியிலேர்ந்துதான். நீ கெடுத்தே, நீயே சரி பண்ணு."

 அப்டேட் போட்டது உண்மைதான். 'இப்போது புதுப்பிக்கவா' என்று அது கேட்டது, 'ஆகட்டும்' என்று அழுத்தினாள். மூன்று வருடம் கணினி அறிவியல் படித்துப் பட்டம் வாங்கியவள் அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை.

அந்தப் பட்டத்தால் வீட்டில் அவள் படும் பாடு கொஞ்சமல்ல. மிக்சி நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டாலும் அவளைத்தான். "கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, இது தெரியாதா?" என்பார் அப்பா. அவர் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். அவருக்கு ஒயர் உள்ளதெல்லாம் ஒரே ஜாதி. அவளோ பார்சல் ஆபீஸில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை முகவரி தட்டிக்கொண்டிருந்தாள். படித்ததற்கும் செய்கிற வேலைக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால், தூரத்து உறவு என்றுதான் சொல்லவேண்டும்.

அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். இருபத்திரண்டு வயதில் பானம் நிரப்பும் கம்பெனியில் சேர்ந்து, இருபத்தெட்டு வருடமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். கழுவிய கண்ணாடி பாட்டில்கள் வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் வரிசையாக ஓடும். கீறல் விட்டதை, தூசி ஒட்டியதை, கழுத்து உடைந்ததைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துவிட வேண்டும். நிமிடத்துக்கு நூற்றிருபது பாட்டில். கம்பெனியில் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்டால், "நம்ம லைன்ல வந்ததெல்லாம் கீறல் விட்ட பாட்டில்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ரேடியோ அவளைப் பிடித்தது ஒரு வெள்ளத்தில். ஆறு தெருவுக்குள் வந்து, போன் எல்லாம் செத்து, அக்கரைக்கு வேலைக்குப் போயிருந்த தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் முகம் தெரியாத ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் வந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். 'பெயின்டர் பத்திரம். பள்ளிக்கூட மாடியில் இருக்கிறார். காலில் மட்டும் காயம்.' அக்கரையில் ஒருவர் ரேடியோவில் சொல்ல, இக்கரையில் இவர் கேட்டு எழுதியது. அத்தை அந்தச் சீட்டை இன்னமும் வைத்திருக்கிறாள். தண்ணீர் வடிந்ததும், யாரிடம் கேட்டால் இந்த வேலையைத் தருவார்கள் என்று விசாரித்தாள். வேலை இல்லையம்மா, பரீட்சை எழுதி உரிமம் வாங்கவேண்டும், சம்பளம் கிடையாது என்றார்கள். முதல் தடவை தோற்றாள். இரண்டாம் தடவை தேறினாள்.

அந்த உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாடி அறைச் சுவரில் தொங்குகிறது. பல வருடம் கழித்துத் தம்பி மகளின் பட்டமளிப்புப் படத்தை அப்பா அதன் பக்கத்தில் மாட்டினார். ஒரு விரற்கடை கீழே. ஏன் என்று அவள் கேட்டதற்கு, "சீனியாரிட்டி" என்றார்.

வெள்ளப் பட்டியல் என்பது ஆறே ஆறு வீடுகள். அடுத்த தடவை தண்ணீர் வந்து போன் கோபுரங்கள் அணைந்தால், ஊருக்குள் சேதியைக் கைமாற்றப்போகிற ஆறு வீடுகள். அத்தை வீடு அதில் மூன்றாவது. கம்பெனியில் அவள் ஒரு ஜோடிக் கண், அவ்வளவுதான். அவள் சொல்வதற்காக யாரோ காத்திருப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கும் ஒரே தாள் அந்தப் பட்டியல்.

செவ்வாய்க்கிழமை பட்டதாரி மாடிக்குப் போய் மேஜை முன்னால் உட்கார்ந்தாள்.

முன்பெல்லாம் அத்தை மைக்கைப் பிடித்து வாயால்தான் பேசுவாள். இரண்டு வருடமாக எழுத்து. "வாயால பேச ஆயிரம் பேர் இருக்கான். எழுத்துல பேசினா ஒரு மரியாதை" என்பாள். அவள் தட்டும் எழுத்தை லேப்டாப் ஒரு விசிலாக மாற்றும். அந்த விசில் ஒயர் வழியாக ரேடியோவுக்குப் போய், ரேடியோ அதைக் காற்றில் விடும். எங்கோ இன்னொரு வீட்டில் இன்னொரு லேப்டாப் விசிலைத் திரும்ப எழுத்தாக்கும். திரையில் நீல நிறத்தில் ஒரு படம் மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருக்கும். அத்தை அதற்கு அருவி என்று பெயர் வைத்திருந்தாள். யார் பேசினாலும் அருவியில் ஒரு மஞ்சள் கோடு விழும். அடியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். எண் கூடக்கூட விசில் கீச்சென்று ஆகும். குறைந்தால் தடித்துப் போகும். அத்தை எப்போதும் இடது ஓரத்தில், ஐந்நூறு என்று போட்ட இடத்தில்தான் உட்காருவாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடிப்பதுபோல என்று இவள் நினைத்திருந்தாள்.

லேப்டாப்புக்கும் ரேடியோவுக்கும் நடுவில் பேனா மூடி அளவில் ஒரு யுஎஸ்பி அடாப்டர். அதிலிருந்து வரும் ஒயர் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை ரேடியோவுக்கும், மற்றது சோப்பு டப்பா அளவு ஸ்பீக்கர் ஒன்றுக்கும் போனது. தான் அனுப்புவது தன் காதில் விழவேண்டும் என்பதற்காக அத்தையே ஒட்டுப்போட்ட ஏற்பாடு.

"வால்யூம் எவ்வளவு வச்சிருக்கீங்க அத்தை?"

"எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

அவள் செட்டிங்ஸைத் திறந்தாள். அப்டேட்டுக்கு முன்னால் அங்கே இரண்டே பெயர்கள் இருந்தன. இப்போது ஏழு. 'ஸ்பீக்கர்', 'ஸ்பீக்கர் 2', 'ஸ்பீக்கர் 3', 'மைக்ரோபோன்', அதற்கு வாலாக ஒரு 'மைக்ரோபோன் 2', பிறகு வீட்டில் இல்லவே இல்லாத ஒரு டிவியின் பெயர். கடைசியில் அவளுடைய ஒயரில்லாத இயர்போன். அது எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று அவளுக்கே புரியவில்லை. ஒருவேளை முந்தைய மாதம் ஏதோ பாட்டு கேட்டிருப்பாள். ஆள்மாறாட்டம் செய்த குடும்பம்போல எல்லாம் ஒரே முகத்தோடு நின்றன.

அடாப்டரைப் பிடுங்கினால் எந்தப் பெயர் மறைகிறது என்று பார்க்கலாம் என்று தோன்றியது. பிடுங்கினாள். 'ஸ்பீக்கர் 2' மறைந்தது. திரும்பச் சொருகினாள். 'ஸ்பீக்கர் 4' வந்தது.

"என்னடி, ஆளையே காணோம்னு பாத்தா தம்பியைக் கூட்டிட்டு வருது?" என்றாள் அத்தை.

புதன்கிழமை அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருந்தது. கீழே போய் இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் பாட்டு போட்டாள். நடுவில் பாட்டு நின்று, காதுக்குள் ஒரு தடித்த விசில் துள்ளித் துள்ளி ஊத ஆரம்பித்தது. மாடியில் அத்தை யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். லேப்டாப், கீழே இருந்த இயர்போனைத்தான் ரேடியோ என்று நினைத்துக்கொண்டு அவள் காதுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

"யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள் அத்தை முகம் வாடி.

"நான்தான் கேட்டேன் அத்தை. எனக்கு வணக்கம் வந்துச்சு."

"அப்போ ஒரு வணக்கம் திருப்பிச் சொல்லக் கூடாதா?"

அவள் இயர்போனைப் பட்டியலிலிருந்து நீக்கி, ரேடியோ மென்பொருளில் ஒலி போகவேண்டிய இடத்தையும் வரவேண்டிய இடத்தையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, மறக்காமலிருக்க ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அடாப்டரை இந்தத் துளையிலிருந்து எடுக்காதீர்கள் என்று கீழே சிவப்பில் கோடு போட்டாள். இதற்குமேல் தவறாக இருக்க எதுவும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை மத்தியானம் பல் டாக்டரிடமிருந்து ஒரு வரி வந்தது. இன்னும் ஐந்து.

பார்சல் ஆபீஸில் அன்று அவள் இரண்டு முகவரிகளை மாற்றித் தட்டினாள். மூன்று வருடத்தில் வரிசையாக்கும் முறை எத்தனை என்று படித்திருக்கிறாள், இயங்குதளத்தின் அடுக்குகளைப் படம் போட்டிருக்கிறாள். ஆனால் ஒரு சத்தம் லேப்டாப்பிலிருந்து எந்த வழியாக வெளியே போகிறது என்று யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. படித்தோமா, இல்லை படித்த பிள்ளை என்று வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு தாள் வாங்கி வந்தோமா? இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் பெயரை அடித்தால், அடித்தது பல் டாக்டரா, அவள் அழுத்திய அந்த ஒரு 'ஆகட்டும்'தானா?

வெள்ளிக்கிழமை வேலை விட்டு நேராகப் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"எந்தப் பல்லு?"

"பல்லு இல்ல சார். அத்தை."

"ஓ, கழுகம்மா வீடா! உக்காருங்க." தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய திரையில் விழுந்த அருவி. அதில் ஐந்து கோடுகள். முதலாவது தடிமனாக, மற்றவை போகப்போக மெலிதாக. அவள் அடியிலிருந்த எண்களைப் படித்தாள். ஐந்நூறு. ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரம். இரண்டாயிரத்து ஐந்நூறு.

"ஐந்தாம் வாய்ப்பாடு மாதிரி இருக்கு சார்."

"அதேதான். விசில் அளவுக்கு மீறிப் பெருசா வந்தா ரேடியோ தாங்காது, இப்படிக் குட்டி போடும். அவங்க வேற ஐந்நூறுல உக்காந்துக்கறாங்க, ரேடியோவோட வாசல் மூவாயிரத்துக்குக் கீழ உள்ளதைத்தான் வெளியே விடும், எல்லாக் குட்டியும் அந்த வாசலுக்குள்ளயே விழுந்து தொலையுது. கொஞ்சம் தள்ளி ஆயிரத்து ஐந்நூறுலயோ அதுக்கு மேலயோ உக்காந்தா குட்டியெல்லாம் வாசல்லயே நின்னுடும். வால்யூமையும் குறைச்சுட்டா முடிஞ்சுது."

"அவ்வளவுதானா? இதை அத்தை கிட்ட சொன்னீங்களா?"

"நாலு தடவை எழுதியிருக்கேன். குறைச்சா சத்தமே வரலைங்கறாங்க. தள்ளி உக்காந்தாலும் வரலைங்கறாங்க. போன் போட்டா எடுக்க மாட்டாங்க, மெசேஜ் போடுங்கறாங்க. சரி, டிவைஸ்தான் ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்." அவர் போனை மேஜையில் வைத்தார். "எனக்கு அவங்களை எடுக்கணும்னு ஆசையா என்ன? ஆனா வெள்ளத்தன்னிக்கு ஒரு வீடு அஞ்சு வீட்டு இடத்தை அடைச்சுக்கிட்டா மத்தவங்க எங்க போவாங்க, சொல்லுங்க."

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு இருந்த குழப்பம் இன்னொரு மடங்கு கூடியிருந்தது. வால்யூமைக் குறைத்தால் சத்தம் குறையும். எப்படி ஒரேயடியாக வராமல் போகும்? தள்ளி உட்கார்ந்தால் ஏன் நிற்கவேண்டும்? எந்த டிவைஸ் ஐந்நூறுக்கு வேலை செய்து ஆயிரத்து ஐந்நூறுக்கு வேலை செய்யாது?

சனிக்கிழமை அத்தைக்குக் காலை ஷிப்ட். இரண்டரை மணிக்கு வந்து, முகம் கழுவி, மேஜை முன்னால் உட்கார்ந்தாள். தம்பி மகள் பின்னால் நின்றபடி சோதனைக்கு ஏற்பாடு செய்தாள். ரேடியோவை அணைத்தாயிற்று. லேப்டாப், அடாப்டர், சின்ன ஸ்பீக்கர், அவ்வளவுதான். வால்யூமைப் பாதியாக்கி, கோட்டை ஆயிரத்து ஐந்நூறுக்கு நகர்த்தி, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

சோப்பு டப்பா ஸ்பீக்கர் வீலென்று கத்தியது. அவள் பல்லைக் கடித்தாள்.

"பாத்தியா?" என்றாள் அத்தை. "வரல."

"வருதே அத்தை."

அத்தை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குனிந்து ஸ்பீக்கரைத் தொட்டாள். உள்ளே அதிர்ந்துகொண்டிருந்தது. இது எதற்கான சத்தம்? ஒருவேளை அத்தை வேறு எதையோ சத்தம் என்று சொல்கிறாளா? ரேடியோ வழியாகத் திரும்பி வரும் ஏதாவதா? கேலி செய்கிறாளா? அவள் மறுபடி செட்டிங்ஸுக்குள் போனாள். 'ஸ்பீக்கர் 4' சரியாகத்தான் இருந்தது. வால்யூமை முக்கால் ஆக்கினாள். கீழேயிருந்து அப்பா, "ஏம்மா, குக்கரை யாராவது இறக்கி வைங்களேன்!" என்று கத்தினார்.

"இப்போ லேசா" என்றாள் அத்தை.

அவள் கை மவுஸின் மேல் நின்றது. வால்யூமைத் தொடவில்லை. கோட்டை மட்டும் இடது பக்கம் நகர்த்தினாள். ஆயிரத்து இருநூறு.

"ம், கொஞ்சம்."

எண்ணூறு.

"ஆ. வருது."

ஐந்நூறு.

"இதோ, இப்போ நல்லா வருது! என்னடி பண்ணினே? எந்த டிவைஸை மாத்தினே?"

அவள் எதையும் மாற்றவில்லை. ஸ்பீக்கர் மூன்று இடத்திலும் ஒரே சத்தத்தில்தான் கத்தியது. அவள் கோட்டைத் திரும்ப ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொண்டுபோனாள். வீல் என்றது. அத்தையின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். ஒன்றுமே நடக்காத முகம். கழுகு தன் விளக்குப் பலகையைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தை," என்றாள். அத்தை திரும்பவில்லை. எத்தனையோ தடவை இப்படித் திரும்பாமல் இருந்திருக்கிறாள். திமிர் என்று அம்மாகூடச் சொல்வாள். அவள் மேஜையைச் சுற்றிப் போய் எதிரே நின்றாள்.

"அத்தை, இப்பவும் விசில் வந்துக்கிட்டுதான் இருக்கு. ரொம்பப் பெருசா."

அத்தை அவள் உதட்டைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். மெல்ல ஒரு விரலை அதன் மேல் வைத்தாள். அதிர்வு விரலில் ஏறியிருக்கவேண்டும், சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள்.

 அவள் விசிலை நிறுத்தினாள்.

"காது போயிட்டிருக்குன்னு தெரியும்டி. நாலஞ்சு வருஷமாத் தெரியும்" என்றாள் அத்தை. குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. "இருபத்தெட்டு வருஷம் பாட்டிலும் பாட்டிலும் உரசற சத்தம். பஞ்சு வச்சுக்க சொன்னாங்க, யாரு வச்சா? மெல்லிசுக் குரலெல்லாம் முதல்ல போச்சு. ஆம்பளைங்க பேசினா கேக்குது, குழந்தை அழுதா கேக்கல. ரேடியோல பேசறது புரியாம போச்சு. அதான் எழுத்துக்கு வந்துட்டேன்."

"அப்போ டிவைஸ் பிரச்சினைன்னு ஏன் அத்தை சொன்னீங்க?"

"பொய்யா சொன்னேன்? அப்டேட் போட்ட அன்னிக்கு ஒண்ணுமே வரல. அப்புறம் எதையோ திருகினேன், லேசா வந்துச்சு. இன்னும் திருகினேன்." அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள். "சத்தம் வரலைன்னா அது மெஷின்லேர்ந்து வரலையா, எனக்குள்ள வரலையான்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

 ஒரு வாரமாக அவள் ஏழு பெயர்களைச் சோதித்தாள். பட்டியலில் இல்லாத எட்டாவது ஒன்றை, அத்தையின் காதை, அவளும் பார்க்கவில்லை.

"டாக்டர் கிட்ட சொல்லிடாதே" என்றாள் அத்தை. "காது கேக்காதவளுக்கு எதுக்கு ரேடியோம்பாரு. பட்டியல்ல பேரை அடிச்சுடுவாரு."

"எழுத்துக்குக் காது எதுக்கு அத்தை? நீங்க ஒண்ணும் கேக்கவே வேண்டாம். பாத்தா போதும்."

ரேடியோவின் முகத்தில் அளவு காட்டும் ஒரு சின்ன முள் இருந்தது. விசில் அளவுக்கு மீறினால் அது துள்ளும், பக்கத்தில் இருக்கும் இன்னொரு முள் சிக்னல் வெளியே போனால் எழும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். இத்தனை வருடம் அத்தை அவற்றைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அவளுக்குக் காதுமேல் அத்தனை நம்பிக்கை. ஏரியலைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு பழைய பெயின்ட் டப்பாவைச் சொருகினார்கள். எண்ணெய்க்குள் ஒரு மின்தடையை முக்கி வைத்த டப்பா. அப்பாவிடம் திருடி அத்தை செய்தது. இதைச் சொருகினால் ரேடியோ அனுப்பும், காற்றில் போகாது. பிறகு ரேடியோவைப் போட்டு, கோட்டை ஆயிரத்து ஐந்நூறில் வைத்து, வால்யூமைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பாதி, கால், காலில் பாதி.

"இப்போ முதல் முள் படுத்துடுச்சு அத்தை. போதும்."

"எங்க படுத்துச்சு? துடிக்குது பாரு."

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். முள் அசையவே இல்லை.

"இல்லையே."

"மயிரிழை துடிக்குது. இன்னும் ஒரு கோடு இறக்கு." இறக்கினாள். "ம். இப்போ செத்துச்சு." அத்தையின் உதட்டில் அந்த வாரத்தின் முதல் சிரிப்பு வந்தது. "நூத்தியிருபது பாட்டில்ல கீறல் பாக்கறவகிட்ட வந்து முள்ளுக் காட்டறா."

ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்கே அப்பா மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை; ஏரியலுக்கு இடம் விட்டுத் தரைக்கு வந்திருந்த பெயின்ட் டப்பாவை மட்டும் சந்தேகமாகப் பார்த்தார்.

நான்கு மணிக்கு அருவியில் ஒரு கோடு விழுந்தது. அதிலிருந்து ஆங்கில எழுத்தில் தமிழ் ஒவ்வோர் எழுத்தாக உதிர்ந்தது. சோதனை. மூன்றாம் வீடு, வாருங்கள்.

அத்தை இரண்டு ஆள்காட்டி விரலாலும் தட்டினாள். மூன்றாம் வீடு வந்துவிட்டது. என் கோடு எத்தனை? அவளுடைய கண் முள்ளின் மேல் இருந்தது.

பதில் வர அரை நிமிடம் ஆனது.

ஒன்று. ஒரே ஒன்று. பளிங்கு மாதிரி இருக்கிறது.

"ஒண்ணு!" என்று பின்னால் நின்றவள் கத்தினாள். அப்பா எதற்கென்று தெரியாமலே கைதட்டினார். அதற்குள் அடுத்த வரி விழ ஆரம்பித்திருந்தது. எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். இப்போது குரலுக்கு வாருங்கள். முதல் மூன்று வீட்டுக்கும் குரல் சோதனையும் இன்றே முடித்துவிடலாம்.

அத்தையின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றுவிட்டன. மேஜையின் மூலையில் இரண்டு வருடமாகத் தொடாத மைக் கிடந்தது.

அவள் அத்தையின் எதிரே வந்து நின்றாள். "எடுங்க அத்தை. அவங்க சொல்றதை நான் கேட்டு உங்களுக்குச் சைகை காட்டறேன். நீங்க பேசுங்க. யாருக்கும் தெரியாது."

அத்தை மைக்கைக் கையில் எடுத்தாள். அதன்மேல் படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தாள். பிறகு கட்டிலில் இருந்த தம்பியைப் பார்த்தாள். பெயின்ட் கறை போகாத அவர் காலில், பழைய காயத் தழும்பு இருந்த இடத்தை.

"தண்ணி வர்ற அன்னிக்கு நீ பார்சல் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு நிப்பே" என்றாள். "அக்கரையிலேர்ந்து ஒருத்தன் இவன் பத்திரம்னு கத்துவான். நான் இங்க முள்ளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

மைக்கை வைத்துவிட்டு, தட்டினாள். ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி. எனக்குக் காது சரியில்லை. குரல் புரியாது. எழுத்து மட்டும் முடியும்.

அருவியில் எந்தக் கோடும் விழவில்லை. நீலம் மட்டும் வழிந்தது. "என்ன எழுதினே அக்கா?" என்றார் அப்பா. அத்தைக்குக் கேட்கவில்லை. மகள் அவரைப் பார்த்து அப்புறம் சொல்கிறேன் என்று கைகாட்டினாள். ஐந்து பேர் ஐந்து வீட்டில் இதைப் படித்திருப்பார்கள். அவர்களில் மூன்று பேர் புகார் சொன்னவர்கள்.

இரண்டு நிமிடம் கழித்துக் கோடு விழுந்தது. நான்கு தடவை எழுதினேன், ஒரு தடவை நேரில் வந்திருக்கவேண்டும், என் தவறு. மூன்றாம் வீடு குரல் கேட்கவேண்டும், அதை மாற்றித்தான் ஆகவேண்டும். நீங்கள் இனி ஆறாம் வீடு, எழுத்துக்கு மட்டும். நோயாளிப் பட்டியல், மருந்துப் பெயர், ஆள் கணக்கு, இதெல்லாம் எழுத்தில்தான் போகவேண்டும். சம்மதமா?

அத்தை இரண்டு தடவை படித்தாள்.

"ஆறாவது" என்றாள், யாரிடமும் என்றில்லாமல். "கடைசி வீடு."

இவளுக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. மைக்கை எடுக்கச் சொன்னது சரியா, அதுவும் தெரியவில்லை. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே சொல்லைத் தட்டினாள். சம்மதம். பிறகு சோப்பு டப்பா ஸ்பீக்கரைச் சுட்டினாள்.

"அதைக் கழட்டுடி. கீழ கொண்டுபோய் பாட்டு கேளு."

அவள் ஒயரை உருவினாள். அத்தை அடுத்த வரியைத் தட்ட ஆரம்பித்தாள். முதல் வேலையாக யாருக்கோ மருந்துப் பெயர்களைச் சோதனையாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அறையில் இப்போது சத்தமே இல்லை. விசில் இல்லாமல் அவள் ஒருநாளும் இந்த மேஜையைப் பார்த்ததில்லை. போகிறதா, எங்காவது நின்றுவிட்டதா, ஒயரை மாற்றி உருவிவிட்டோமா?

"போகுதா அத்தை?"

அத்தை திரும்பவில்லை. அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்று, மறுபடி கேட்டாள்.

"போகுது, போகுது" என்றாள் அத்தை, தட்டுவதை நிறுத்தாமல். "என்னை ஏன் கேக்கறே? எழுந்து நிக்கற முள்ளைப் பாரு."